பத்து யூனிட்

நாங்கள் மூன்று பேர். மூவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. தேனியில் ஒரே கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பி.காம். படித்தோம். ஒருத்தி போடி கடைவீதியில் தம்பியோடு சேர்ந்து ஜவுளிக்கடை நடத்துகிறாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இன்னொருத்தி மார்க்கையன்கோட்டையில் வாழை விவசாயி வீட்டு மருமகள்; அவள்தான் சின்னமனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் போடியில் ஓர் ஏலக்காய்க் கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள் இருவரையும் கடை அத்தை, டீச்சர் அத்தை என்றுதான் சொல்வார்கள். நானும் இங்கே கடைக்காரி, டீச்சர் என்றே சொல்கிறேன்.

கடைக்காரிக்குப் பத்தொன்பது வயதிலிருந்து சர்க்கரை வியாதி. மாத்திரையில் அடங்குகிற வகை அல்ல. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு ஊசி, படுக்கப் போகும்போது ஒரு ஊசி. கல்லூரியில் மதியம் டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால் அவள் சுவர்ப்பக்கம் திரும்பி வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வதை முதலில் பார்த்தவள் நான். அந்த வியாதியாலேயே அவள் தனியாக எங்கேயும் போனதில்லை. வேளாங்கண்ணிக்குப் போனாலும் அம்மா, தம்பி, தம்பி மனைவி என்று ஒரு வேனே கூடப் போகும்.

வியட்நாம் அவளுடைய யோசனை. முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிற பெண்களைப் போனில் பார்த்திருக்கிறாள். கொச்சியிலிருந்து விமானம் இருந்தது. டீச்சரின் முழுப்பரீட்சை லீவை விட்டுவிட்டு, தீபாவளி கழிந்த பிறகு கடையில் கூட்டம் குறைகிற வாரமாகப் பார்த்துப் பத்து நாள் என்று முடிவு செய்தோம். அங்கே அது மழைக்காலத்தின் கடைசி என்பதை நாங்கள் யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் அவளுடைய தம்பி என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அக்கா, அவ சொன்னா கேக்க மாட்டா. மருந்துப் பை எந்நேரமும் கைப்பையிலதான் இருக்கணும். டீச்சரக்கா வெளையாட்டா இருப்பாக. நீங்கதான் பொறுப்பு."

சரி என்றேன். அவர் போன பிறகு எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்கிற பெருமை.

முதல் நான்கு நாட்கள் நன்றாகவே போயின. சைகோனில் இரண்டு நாள் சாலையைக் கடக்கவே பயந்து, பிறகு பழகி, மோட்டார் சைக்கிள் வெள்ளத்துக்குள் கையை உயர்த்திக்கொண்டு நடந்தோம். அங்கிருந்து பஸ்ஸில் டாலட் என்கிற மலை ஊருக்கு ஏறினோம். குளிரும், சரிவெல்லாம் காய்கறியும் பூவும் பயிர் செய்திருந்ததும் பார்த்து டீச்சர் மூணாறுக்கே வந்திருக்கலாமே என்றாள். கடைக்காரி அவளை முறைத்தாள். ஆனால் அந்த நாட்களில் அவள் முகம் இருந்த மாதிரி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஊசி போடுகிற நேரத்தை அவளே போனில் அலாரம் வைத்துக்கொண்டாள். ஒரு தடவைகூட நாங்கள் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் டாலட்டிலிருந்து கடற்கரை ஊரான நாட்ராங்குக்குப் பஸ். ஏழரைக்கு விடுதி வாசலுக்கு வேன் வரும் என்றார்கள். கடைக்காரி ஊசி போட்டு, ஒரு ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். நான் எல்லோருடைய பையையும் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பாஸ்போர்ட்டும் அவளுடைய கைப்பையில் இருந்தன. மருந்து வைத்திருந்த குளிர்ப்பையும் அதே கைப்பையில். முந்தின நாள் விடுதிக்காரர்கள் பிரிட்ஜில் வைத்துத் தந்த ஐஸ் கட்டி உருகி, குளிர்ப்பையின் ஓரம் நனைந்து, பாஸ்போர்ட் ஒன்றின் அட்டை ஈரமாகியிருந்தது. பதறிப்போய்க் குளிர்ப்பையை எடுத்து ஒரு துண்டில் சுற்றி, அவளுடைய பெரிய முதுகுப்பையில் வைத்தேன். பஸ்ஸில் ஏறியதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் வாசலில் ஹாரன் அடித்தது. டீச்சர் ஒரு செருப்பைக் காணோம் என்று தேடினாள். ஓடினோம். சொல்ல மறந்துவிட்டேன்.

பாதை முதலில் நம் போடிமெட்டுச் சாலை மாதிரிதான் வளைந்து வளைந்து போனது. மேலே பாறை, கீழே பள்ளம், நடுவில் மேகம். மூன்று நாளாக மழை பெய்திருந்ததால் ஓடையெல்லாம் செம்மண் நிறத்தில் ஓடியது. பத்தரை மணி வாக்கில் பஸ் நின்றது. முன்னால் மண் சரிந்து சாலையின் குறுக்கே கிடந்தது. எங்களுக்கு இது புதிதல்ல. ஒரு ஜேசிபி வந்து அரை மணி நேரத்தில் தள்ளிவிடும் என்று நான்தான் தைரியம் சொன்னேன். டிரைவர் தன் போனில் எதையோ பேசி, அது இங்கிலீஷில் மாற்றியதைக் காட்டினார். பயணிகள் நடந்து அந்தப் பக்கம் போக வேண்டும். பைகளை ஆட்கள் கொண்டுவருவார்கள். அந்தப் பக்கம் வேன் நிற்கிறது.

கணுக்கால் வரை சேற்றில் நடந்து போனோம். அந்தப் பக்கம் இரண்டு வேன்கள். ஒன்றில் பைகளை ஏற்றினார்கள், சில பயணிகளும் ஏறினார்கள். அதில் இடமில்லை என்று எங்களை மற்றதில் ஏற்றினார்கள். முதல் வேன் புறப்பட்டு வளைவில் மறைந்தது. எங்கள் வேன் பின்னாலேயே போய்ப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, சத்தம் கேட்டது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி நீளமான சத்தம். வளைவு திரும்பியபோது சாலை இல்லை. மரத்தோடு சேர்ந்து மண் இறங்கியிருந்தது. முதல் வேன் அதற்கு முன்பே கடந்து போய்விட்டது என்று டிரைவர் போனில் பேசித் தெரிந்துகொண்டார். எங்கள் முன்னாலும் அடைப்பு, பின்னாலும் அடைப்பு. நடுவில் நாங்களும், முதல் சரிவுக்கு முன்பே மேலேயிருந்து இறங்கி வழியில் நின்றும், கீழேயிருந்து ஏறி வந்தும் மாட்டிக்கொண்ட இருபது முப்பது வண்டிகளும்.

யாருக்கும் அடிபடவில்லை. அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது. சாலையோரத்தில் தகரம் போட்ட ஒரு காப்பிக்கடையில் எல்லோரும் உட்கார்ந்தோம். பசி. காப்பிக்கடை அம்மாள் ரொட்டியும் டப்பாவில் வரும் இனிப்புக் கட்டிப்பால் ஊற்றிய காப்பியும் கொண்டுவந்து வைத்தார். கடைக்காரி பசியில் பாதி ரொட்டியைச் சாப்பிட்டு, காப்பியையும் ஒரு வாய் குடித்த பிறகுதான் ஊசி ஞாபகம் வந்து கைப்பையைத் திறந்தாள்.

அவள் விரல்கள் பைக்குள் தேடுவதைப் பார்த்தேன். பாஸ்போர்ட்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். சீப்பு, பர்ஸ், சர்க்கரை பார்க்கிற சின்ன மிஷின், கைக்குட்டை. பையைக் கவிழ்த்தாள்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சொல்ல வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் டீச்சர் கத்திவிட்டாள்.

"ஒனக்கு அறிவிருக்கா? மருந்தப் போய் யாராச்சும் பெரிய பையில வைப்பாகளா?"

கடைக்காரி நெற்றியில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நாந்தான் வச்சிருக்கணும். எப்ப வச்சேன்னு ஞாபகமே வரலடி."

நான் வாயை மூடிக்கொண்டேன். இதற்கு மேல் எந்த விளக்கமும் என்னிடம் இல்லை. அந்த நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

முதல் பரிசோதனையில் இருநூற்று எண்பத்தாறு காட்டியது. அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. முந்தின இரவு போட்ட ஊசி உடம்பில் இருக்கிறது, சாயங்காலம் வரை தாங்கும் என்றாள். ரொட்டியைத் தள்ளிவைத்துவிட்டுத் தண்ணீர் மட்டும் குடித்தாள். ஒரு மணி நேரம் கழித்து முந்நூற்று எழுபது. முகம் வெளிறி, உதடு காய்ந்துவிட்டது. கடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். வாந்தி வந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் மூவருக்குமே தெரியும். இரண்டாம் வருடப் பரீட்சையின்போது அவள் இப்படித்தான் ஆரம்பித்து, மூச்சு வாங்கி, மதுரையில் ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள்.

எங்கள் போன்களில் சிக்னல் இல்லை. காப்பிக்கடை அம்மாளிடம் டீச்சர் சைகையில் கேட்டாள். அவர் சாலையில் பின்னால் தெரிந்த ஒரு வளைவைக் காட்டினார். அங்கே நின்றால் கிடைக்கும் என்று புரிந்தது.

பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவள் டீச்சர். அழுகிறவள் அல்ல. கொஞ்ச நேரம் முன்னால் கத்தியதற்கு மன்னிப்பும் கேட்கவில்லை. போனில் முன்பே இறக்கி வைத்திருந்த மொழிபெயர்ப்பில் ஒரு வாக்கியம் எழுதினாள். என் தோழிக்கு இன்சுலின் வேண்டும், உங்களிடம் இருக்கிறதா என்று. அது வியட்நாம் எழுத்தில் வந்ததைப் பெரிதாக்கிக்கொண்டு நின்ற வண்டிகளில் முதல் வண்டிக்குப் போனாள். கண்ணாடியைத் தட்டி, போனைக் காட்டினாள். அந்த ஆள் இல்லை என்று தலையாட்டினார். அடுத்த வண்டி. அடுத்த லாரி. மழை தூறிக்கொண்டிருந்தது. நான் கடைக்காரியின் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு, டீச்சர் ஒவ்வொரு வண்டியிலும் போனை நீட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்தம்பிட்ட சொல்லாதீக ரெண்டு பேரும். கவனமில்லாதவன்னு சின்னதுலேருந்து சொல்லிச் சொல்லியே வளத்துட்டாக. கடைசில நிசமாவே அப்படி ஆயிட்டேன்" என்றாள் அவள்.

அப்போதும் நான் சொல்லவில்லை.

அரை மணி நேரம் கழித்து டீச்சர் ஓடி வந்தாள். கூடவே எங்கள் வயதுள்ள ஒரு பெண், மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் போட்டவர். டாலட்டிலிருந்து செவ்வந்திப் பூ ஏற்றிவந்த ஒரு சின்ன லாரி அவருடையது, ஓட்டுவதும் அவரே. அவருடைய அப்பா முன் சீட்டில் இருந்தார். அப்பாவுக்குத்தான் சர்க்கரை. அந்தப் பெண் கையிலிருந்த சின்ன பிளாஸ்க்கைத் திறந்து ஒரு குப்பியையும், கவரோடு ஒரு ஊசியையும் எடுத்துக் காட்டினார். லேபிளில் எங்களால் வாசிக்க முடிந்தது ஒரே ஒரு சொல்தான். இன்சுலின்.

ஆனால் அது கடைக்காரி போடுகிற மருந்து அல்ல. அவளுடையது தெளிவாக, தண்ணீர் மாதிரி இருக்கும். பேனா போன்ற ஊசியில் வரும். இது வெள்ளையாகக் கலங்கியிருந்தது. எவ்வளவு போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் அப்போது சரியாக யோசிக்கிற நிலையிலும் இல்லை. சும்மா எதையாவது போட்டுவிட்டுச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிட்டால், இந்த மலையில் அதுவே உயிருக்கு ஆபத்து.

குப்பியையும் ஊசியையும் வாங்கிக்கொண்டு நான் வளைவுக்கு ஓடினேன். அந்த நாட்டு மணி இரண்டரை. நமக்கு ஒன்று. தேனியில் அவளுக்குப் பல வருடமாக வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஒரு மணிக்குச் சாப்பிடக் கிளம்பிவிடுவார். கிளினிக் நம்பரை அழுத்தினேன். முதல் தடவை போகவில்லை. இரண்டாவது தடவை கம்பவுண்டர் எடுத்தார்.

"டாக்டர் கெளம்பிட்டாகளேம்மா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வருவாக."

வியட்நாமில் இருந்து பேசுகிறேன், இன்னார், வாந்தி எடுக்கிறாள், மருந்து தொலைந்துவிட்டது என்று எந்த வரிசையில் சொன்னேனோ தெரியாது. அவர் "இருங்க, காரெடுக்கப் போயிருக்காக" என்று போனோடு ஓடினார். படியில் செருப்புச் சத்தமும் தேனி ரோட்டில் பஸ் ஹாரனும் கேட்டன. பிறகு டாக்டரின் குரல்.

அவர் பதற்றப்படவில்லை. கடைசியாக எப்போது ஊசி போட்டாள், என்ன சாப்பிட்டாள், மூச்சு வேகமாக வாங்குகிறாளா, கேட்டால் சரியாகப் பதில் சொல்கிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, குப்பியில் நாற்பது என்று போட்டிருக்கிறதா, நூறு என்று போட்டிருக்கிறதா என்றார். நம் ஊரில் குப்பி மருந்து பெரும்பாலும் நாற்பது, வெளிநாட்டில் நூறு. குப்பியில் இருக்கிற எண்ணும் ஊசியில் இருக்கிற எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

மழைத்துளியைத் துடைத்துக் குப்பியைப் பார்த்தேன். நூறு. ஊசியின் கவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்துவிட்டது.

மறுபடி மறுபடி அழுத்தினேன். போகவில்லை. இரண்டையும் ஒரு கல்லின் மேல் வைத்துப் படம் எடுத்து அதே நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கையை உயர்த்தினேன். சாலையின் விளிம்புக்குப் போனேன். கீழே பள்ளத்தில் மேகம் நகர்ந்தது. வட்டம் நின்று ஒரு டிக் விழுந்தது. பிறகு இரண்டு. அந்த நிமிடங்களில் நான் எந்தச் சாமியையும் கும்பிடவில்லை என்பதை இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பையைத் துண்டில் சுற்றியது மட்டும்தான் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தது.

பதில் வந்தது. குப்பியும் ஊசியும் பொருந்துகின்றன. உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள், குலுக்க வேண்டாம். பால் மாதிரி ஒரே சீராக வந்தால் போடலாம், திரிதிரியாக இருந்தால் போடக் கூடாது. பத்து யூனிட். மணிக்கொரு தடவை சர்க்கரை பாருங்கள். தண்ணீர் விடாமல் கொடுங்கள். இது தற்காலிகம்தான், எப்படியாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நான் திரும்பி வந்தபோது மிஷின் நானூற்று ஐம்பத்து நாலு காட்டியதாக டீச்சர் சொன்னாள். பூ லாரிக்காரப் பெண் குப்பியை வாங்கித் தன் கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினார். அப்பாவுக்காகத் தினமும் செய்கிற வேலை. வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பால் மாதிரி இருந்தது. கடைக்காரி ஊசியைக் கையில் எடுத்தாள். கோடுகளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள்.

"நீ போடு."

மருந்தை உறிஞ்சி, பத்தாவது கோட்டைப் பார்த்தேன். இதற்குப் பிறகு எனக்குச் சொல்ல நேரம் கிடைக்காமல் போய்விட்டால் என்ன செய்வேன் என்று தோன்றியது.

"பைய மாத்துனது நான். காலைல, நீ குளிக்கப் போனப்ப" என்றேன்.

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கடைக்காரி கண்ணைத் திறந்தாள். வெகுநேரம் பார்த்த மாதிரி இருந்தது. ஒரு விநாடிதான் இருந்திருக்கும்.

"இப்ப அதப் பேசாத. கோட்டச் சரியாப் பாரு."

போட்டேன்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் நானூற்று இருபது. அதற்கடுத்து முந்நூற்று அறுபது. அந்த எண்களை நாங்கள் மட்டுமல்ல, காப்பிக்கடையில் இருந்தவர்களும் காத்திருந்து எட்டிப் பார்த்தார்கள். ஐந்து மணிக்குக் கீழேயிருந்து மண்வெட்டும் இயந்திரம் வந்து ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி செய்தது. பூ லாரிக்காரப் பெண் தன் அப்பாவை நகரச் சொல்லி, கடைக்காரியை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டார். நானும் டீச்சரும் பின்னால் பூக்கூடைகளுக்கு நடுவில் குத்தவைத்து உட்கார்ந்தோம். நாட்ராங் போய்ச் சேரும் வரை டீச்சர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து சலைனும் மருந்தும் ஏற்றினார்கள். பை மறுநாள் பஸ் ஆபீசில் கிடைத்தது. குளிர்ப்பை சூட்டில் கிடந்ததால் உள்ளே இருந்த மருந்தைத் தூக்கிப் போட வேண்டியிருந்தது. மிச்ச ஊர்களை விட்டுவிட்டு, கடற்கரையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். அத்தனை நாளும் கடைக்காரி பையை மாற்றியதைப் பற்றிப் பேசவில்லை. தண்ணீர் எடுத்துக்கொடு, ஜன்னலைச் சாத்து என்று சாதாரணமாகவே பேசினாள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கொச்சியிலிருந்து வந்த பஸ் குமுளியில் நின்றபோது டீச்சர் டீ வாங்க இறங்கினாள். அப்போதுதான் கடைக்காரி பேசினாள்.

"பைய மாத்துனதுக்கு எனக்குக் கோவமில்ல. அது யாரும் செய்றதுதான். மூணு மணி நேரம் நானே தொலச்சேன்னு நெனச்சு அங்கன உக்காந்திருந்தேன். நீ எந்தலையத் தடவிக்கிட்டே பாத்துக்கிட்டிருந்த."

நான் அழுதேன். அவள் அழவில்லை. தம்பியிடம் தான் சொல்லப்போவதில்லை, சொல்ல வேண்டியவள் நான்தான் என்றாள்.

மறுநாளே அவள் கடைக்குப் போனேன். கடையில் கூட்டமில்லை. அவளுடைய தம்பி மடித்த சேலைகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். குளிர்ப்பை, துண்டு, நான் பேசாமல் இருந்தது, எல்லாம். அவர் அடுக்குவதை நிறுத்தவில்லை. முடித்ததும், "அம்மாட்ட இதச் சொல்ல வேணாம்க்கா" என்றார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. ஆபீசுக்கு நடந்து போகும்போது, அவர் திட்டியிருக்கலாம் என்று நினைத்தேன்.

அதன் பிறகு கடைக்காரி என்னைக் கூப்பிடவில்லை. ஆபீசிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் அவள் கடை. நான் மெசேஜ் அனுப்பினால் பதில் போடுவாள்; நலம், சரி, பார்க்கலாம். டீச்சர் மட்டும் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருந்தாள். அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாள். அன்றைக்கு அவளைத் திட்டியதை நினைத்து நானும் தூங்கவில்லை, நீ முன்னாலேயே சொல்லியிருந்தால் என் வாய் அடங்கியிருக்கும் என்றாள். அதுவும் உண்மைதான்.

பங்குனி பிறந்திருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் கடைக்காரியின் பெயர் என் போனில் வந்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

"தேனிக்குக் கண்ணு செக்கப்புக்குப் போகணும். மருந்து ஊத்திருவாக, நாலு மணி நேரத்துக்கு ஒண்ணும் தெரியாது. தம்பி திருப்பூருக்குப் போயிருக்கான். நீ வாறியா?"

போனேன். போடியிலிருந்து தேனி வரை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். அவள் கைப்பை அவள் மடியிலேயே இருந்தது. நான் அதைத் தொடவில்லை, அவளும் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் வரிசையில் இருந்தபோது, விழித்திரையில் புதிதாக ஏதும் கசிவு இருந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். லேசர் வைப்பார்கள், நான் படித்தேன் என்றேன். நீ எதுக்கு இதையெல்லாம் படிச்ச என்றாள். வரிசை நகர்கிறதா என்று முன்னால் எட்டிப் பார்த்தேன்.

கண்ணில் மருந்து ஊற்றி, மங்கி, பரிசோதனை முடிந்தது. புதிதாக ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள். வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, எங்கே இருக்கிறேன் என்று பார்க்காமலேயே கையை நீட்டினாள். அவளைப் பிடித்து ரோட்டைத் தாண்டவைத்து, நிழலில் நிறுத்தி, போடி பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.